அம்மாவின் குறிப்பேட்டில் ‘நல்லெண்ணெய் உரி’: இது எத்தனை மில்லி?

காவேரிக்கரை கேட்கிறார்:

வணக்கம். பிறந்தது திருவாரூர்ப் பக்கம், இப்போது இருப்பது கோயம்புத்தூர். அம்மா மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய பொருள்களில் நான் கேட்டு வாங்கிக்கொண்டது நீல அட்டை போட்ட ஒரு குறிப்பேடு மட்டும்தான். வடாம், ஊறுகாய், தீபாவளி மருந்து, திரட்டுப்பால் எல்லாம் அதில் இருக்கின்றன. அம்மா எதையும் கிராமிலோ மில்லியிலோ எழுதியதில்லை. மாங்காய் ஊறுகாய்க்கு அவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

மாங்காய் 12. கல்லுப்பு உழக்கு. மிளகாய்ப்பொடி உழக்கு. கடுகுப்பொடி அரை ஆழாக்கு. நல்லெண்ணெய் உரி.

சென்ற ஆண்டு ஓர் இணையக் குறிப்பில் ‘ஒரு உழக்கு என்றால் ஒரு கப்’ என்று படித்தேன். அதை நம்பி, வீட்டில் இருந்த 240 மில்லி அளவுக் கிண்ணத்தால் உப்பு ஒன்று, மிளகாய்ப்பொடி ஒன்று, எண்ணெய் இரண்டு என்று அளந்து போட்டேன். மூன்றாவது வாரம் ஜாடியைத் திறந்தால் மேலே வெள்ளையாகப் பூசணம். பன்னிரண்டு மாங்காயும் வீண். மாங்காய் போனது கூடப் பரவாயில்லை. அம்மா போட்ட ஊறுகாய் ஒரு முறைகூடக் கெட்டதில்லை. அவர் எழுதியதை நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்பதுதான் மனத்தை அறுக்கிறது.

அதே குறிப்பேட்டில் இன்னும் இரண்டு சிக்கல்கள். சின்ன அத்தை லண்டனில் இருந்தபோது எழுதியனுப்பிய ஒரு புட்டிங் குறிப்பை அம்மா ஒட்டி வைத்திருக்கிறார். அதில் ‘பால் அரை பைண்ட்’ என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் மெல்போர்னில் இருக்கும் என் மகள் தன் கையால் எழுதிய ஆன்சாக் பிஸ்கட் குறிப்பு. அதில் ‘கோல்டன் சிரப் 2 மேசைக்கரண்டி’. இவற்றுக்கும் சரியான அளவு வேண்டும். மாங்காய்க் காலம் முடிவதற்குள் யாராவது வழிகாட்டுங்கள்.

நீலவானம்:

அம்மா, பழைய தமிழ் அளவைகளுக்கு அட்டவணை இருக்கிறது. 1 ஆழாக்கு 168 மில்லி, 1 உழக்கு 336 மில்லி, 1 உறி 672 மில்லி, 1 படி 1.344 லிட்டர். ஆகவே உங்களுக்கு வேண்டிய எண்ணெய் 672 மில்லி.

பைண்ட் நாட்டுக்கு நாடு வேறுபடும். இங்கிலாந்துப் பைண்ட் 568 மில்லி, அமெரிக்கப் பைண்ட் 473 மில்லி. உங்கள் அத்தை லண்டனிலிருந்து எழுதியதால் அரை பைண்ட் என்பது 284 மில்லி. அமெரிக்கக் கணக்கில் எடுத்தால் 237 மில்லிதான் வரும், புட்டிங் இறுகிவிடும்.

மேசைக்கரண்டியும் அப்படித்தான். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 15 மில்லி, அதாவது மூன்று தேக்கரண்டி. ஆஸ்திரேலியாவில் மட்டும் 20 மில்லி, நான்கு தேக்கரண்டி. உங்கள் மகள் அங்கே வாங்கிய கரண்டியால் அளந்திருந்தால் 40 மில்லி. இங்கே வாங்கிய கரண்டியால் இரண்டு போட்டால் 30 மில்லிதான் விழும்; மாவு சேராமல் உதிரும்.

ரைஸ் குக்கருடன் வரும் கிண்ணத்தைக் கப் என்று நினைத்துவிடாதீர்கள். அது 180 மில்லி. ஜப்பானிய அரிசி அளவு.

பனங்கூடல்:

அக்கா, நான் யாழ்ப்பாணம். இப்போது டொராண்டோவில் இருக்கிறேன். ஆழாக்கு, உழக்கு எங்களிடம் இல்லை. எங்கள் அம்மம்மா சுண்டும் கொத்தும் சொல்லித்தான் சமைப்பார். நான்கு சுண்டு ஒரு கொத்து. ஆனால் தேங்காய்ப்பால் என்று வந்தால் அவர் கையில் இருந்தது பால்பேணி. டின்பால், அதாவது சர்க்கரை சேர்த்த கெட்டிப்பால், தீர்ந்த பிறகு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும் தகரப்பேணிதான்.

அதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். அம்மம்மாவின் தொதல் (தேங்காய்ப்பாலில் கிண்டும் இனிப்பு) செய்யும் முறையில் ‘முதற்பால் ஆறு பேணி’ என்று இருந்தது. டின்பால் பேணியின் மேல் 397 கிராம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, ஒரு பேணி கிட்டத்தட்ட 400 மில்லி என்று முடிவுகட்டினேன். ஆறுக்கு 2,400 மில்லி தேங்காய்ப்பால் ஊற்றினேன். இரவு பதினொரு மணி வரை கிண்டியும் தொதல் திரளவில்லை. கை வீங்கிவிட்டது. மறுநாள் பேணியில் தண்ணீர் நிரப்பி அளந்து பார்த்தால் சுமார் 300 மில்லிதான் பிடித்தது. டின்பால் சர்க்கரைப் பாகு போலக் கனமானது. அதன் 397 கிராம் அடங்க 300 மில்லி இடம் போதும். எடையைக் கொள்ளளவு என்று எடுத்துக்கொண்டது என் பிழை. 600 மில்லி கூடுதலாக ஊற்றியிருக்கிறேன்.

கனடாவில் நான் வாங்கிய அளவுக் கிண்ணத்தில் 250 என்று இருக்கிறது. அமெரிக்கக் கப் 240க்கும் சற்றுக் குறைவு. கப் என்று எழுதியிருக்கும் எதையும் எந்த ஊர்க் கப் என்று கேட்காமல் நான் இப்போது தொடுவதில்லை.

செக்கெண்ணெய்:

காவேரிக்கரை அம்மாவுக்கு வணக்கம். விருதுநகரில் எங்கள் அப்பாவுக்கு எண்ணெய்க் கடை. பத்து வயதிலிருந்து அந்தக் கடைப் பலகையில் உட்கார்ந்தவன் நான். இப்போது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டேன். உங்கள் ஜாடியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எழுத்து. தம்பி நீலவானம், அது உரி, இடையின ‘ர’. வல்லின ‘ற’ போட்ட உறி, வெண்ணெய்ப் பானையைத் தொங்கவிடும் கயிறு. அம்மாவின் குறிப்பேட்டில் சரியாகவே இருக்கிறது.

இந்த அளவைகளில் சந்தேகத்துக்கே இடமில்லாத ஒரு பகுதி உண்டு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எங்கள் பக்கம் அதைத்தான் படி என்போம். எண்ணெய்க் கடையில் இதையே பின்னமாகச் சொல்வோம்: ஆழாக்கு அரைக்கால்படி, உழக்கு கால்படி, உரி அரைப்படி. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று என்பது அன்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். வாய்பாட்டில் கீழ்வாயிலக்கம், அதாவது பின்னக் கணக்கு, இருந்தது. இந்த இரட்டிப்புக் கணக்கு மாறாது.

மாறுவது படியின் பருமன். பட்டணம் படி என்று ஒன்று, சின்னப்படி என்று ஒன்று. ஒரு சந்தையின் படி அடுத்த சந்தையில் செல்லாது. ஆகவே தம்பி கொடுத்த 168 ஒரு கணக்கு. ஆழாக்கை 200 மில்லி என்று சொல்லும் வீடுகளும் ஏராளம். இவற்றில் எது சரி என்று கேட்டால், உங்கள் அம்மா கையில் எது இருந்ததோ அது சரி. வேறு யாருடைய அட்டவணையும் அந்த ஏனத்துக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

உங்கள் அம்மா வேறு பல இடங்களில் உழக்கு என்று எழுதியிருந்தாலும் தவறு நேராமல் போயிருக்கலாம். காரணம் இது. பாயசத்துக்கு அரிசி ஒரு பங்கு, பால் எட்டுப் பங்கு என்றால், நீங்கள் டம்ளரால் அளந்தாலும் தேங்காய்ச் சிரட்டையால் அளந்தாலும் பாயசம் பாயசமாகவே வரும். எல்லாமே ஒரே ஏனத்தால் அளக்கப்படுகின்றன. ஆனால் ஊறுகாய்க் குறிப்பில் ‘மாங்காய் 12’ என்று எண்ணிக்கை வந்துவிட்டது. மாங்காய் உங்கள் கிண்ணத்துக்கு ஏற்பச் சுருங்காது. கிண்ணம் சிறுத்தால் உப்பும் உறைப்பும் எண்ணெயும் சிறுக்கும், மாங்காய் மட்டும் அப்படியே இருக்கும். எண்ணிக்கையும் அளவையும் கலந்து வரும் குறிப்பில்தான் கவனம் வேண்டும்.

உங்கள் வீட்டு உழக்கு 400 மில்லிக்கு அருகில் இருந்திருந்தால், எண்ணெய் 800 மில்லி போயிருக்க வேண்டும். நீங்கள் 480தான் ஊற்றியிருக்கிறீர்கள். இதோடு நிற்கவில்லை. உப்பையும் அதே 240 கிண்ணத்தால் போட்டீர்கள் அல்லவா? அங்கேயும் ஐந்து பங்கில் மூன்று பங்குதான் விழுந்திருக்கிறது. உப்புக் குறைந்த மாங்காய், அதன் மேல் மூடாத எண்ணெய். இரண்டும் சேர்ந்தால் பூசணம் பிடிக்காமல் எப்படி இருக்கும்? உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை, அம்மா. அளவு மட்டும்தான் பிசகியது.

இப்போது வழி. அம்மாவின் உழக்கோ ஆழாக்கோ உறவினர் வீட்டில் எங்காவது இருக்கும். பித்தளைப் பாத்திரத்தை யாரும் எளிதில் தூக்கி எறிவதில்லை. அரிசி டிரம்முக்குள் முகக்கக் கிடக்கும். தேடிப் பிடியுங்கள். புளி போட்டுத் துலக்குங்கள். அடியில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு கட்டியிருந்தால் அதுவும் இடத்தை அடைக்கும். நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சமையலறை மின்தராசில் வைத்து எடையைச் சுழியமாக்கிக்கொள்ளுங்கள். தண்ணீரை விளிம்பு வரை ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் உங்கள் மில்லி. ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். நம் ஊர் வெயிலில் மிகச் சிறிய வித்தியாசம் உண்டு, ஊறுகாய்க்கு அது கணக்கில்லை.

விளிம்பில் கவனம் வேண்டும். தண்ணீர் கண்ணுக்குச் சமமாக நிற்க வேண்டும். மேலே குமிழ் போல மேடு கட்டக் கூடாது. வாய் எட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள ஏனத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரம் ஏறினாலே சுமார் 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி கூடிவிடும். மூன்று முறை அளந்து நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தராசு இல்லை என்றால் அரை லிட்டர் பால் பாக்கெட்டைப் பிரித்து ஊற்றி, மிச்சத்தை மருந்துக் கடையில் கிடைக்கும் 10 மில்லி சிரிஞ்சால் உறிஞ்சி எண்ணலாம். பொறுமை வேண்டும், ஆனால் பலன் உண்டு.

இன்னொன்று. நீங்கள் செக்கில் நல்லெண்ணெய் வாங்கினால் கிலோவாகத் தருவார்கள், பாக்கெட்டாக வாங்கினால் லிட்டராக இருக்கும். நல்லெண்ணெய் தண்ணீரைவிட லேசானது: ஒரு லிட்டர் ஏறக்குறைய 920 கிராம். ஒரு கிலோ வாங்கினால் உங்களிடம் இருப்பது சுமார் 1,087 மில்லி. ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டில் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பதும் இதனால்தான். மொத்த வியாபாரத்தில் 15 கிலோ டின்னில் பதினாறரை லிட்டர் எண்ணெய் இருக்கும். இது தெரியாமல் கிலோவுக்கு வாங்கி லிட்டருக்கு விற்று நட்டப்பட்டவர்கள் குறைவு. தெரிந்து லாபம் பார்த்தவர்கள்தான் அதிகம். அப்பா அதைத் தவறு என்பார். எந்தக் கணக்கில் வாங்கினோமோ அந்தக் கணக்கை வாடிக்கையாளரிடம் சொல்லித்தான் விற்றார்.

1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சில ஆண்டுகளில் மெட்ரிக் அளவை எங்கள் கடைக்கும் வந்தது. படிகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, முத்திரை குத்திய லிட்டர் அளவைகளை வரிசையாக மாட்டினோம்: லிட்டர், 500, 200, 100, 50. வயதான பெண்கள் வந்து ‘உழக்கு எண்ணெய் ஊற்று’ என்பார்கள். அப்பா ஒரு நாளும் ‘அதெல்லாம் போயிற்று’ என்று சொன்னதில்லை. உள்ளே போய்ப் பழைய உழக்கைக் கொண்டுவந்து, லிட்டர் அளவையால் அளந்த எண்ணெயை அவர்கள் கண்முன் அதில் ஊற்றிக் காட்டுவார். எவ்வளவு கொள்கிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஊற்றிய பிறகு அளவையைக் கவிழ்த்துச் சற்று நேரம் வடியவிடுவார். எண்ணெய் தண்ணீரைப் போல அல்ல. ஏனத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவசரக்காரர் அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டியாவது உள்ளேயே தங்கிவிடும்.

உங்கள் உரியையும் வடியவிட்டு ஊற்றுங்கள்.

காவேரிக்கரை:

ஐயா, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. உப்பும் குறைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எண்ணெயை மட்டும் கூட்டி மறுபடியும் கெடுத்திருப்பேன்.

அண்ணன் வீட்டுக்கு உடனே தொலைபேசினேன். நீங்கள் சொன்னது போலவே உழக்கு அரிசி டிரம்முக்குள் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்துவருகிறேன். ஒரு சந்தேகம். உப்பையும் மிளகாய்ப்பொடியையும் தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா? அம்மா எப்படி அளந்தார் என்று எனக்கு நினைவில்லை.

செக்கெண்ணெய்:

அம்மா, எண்ணெய், பால், தண்ணீர் எதுவும் குவியாது, விளிம்போடு நின்றுவிடும். நெல்லும் அரிசியும் குவித்து அளக்கலாம், அப்படித்தான் பல ஊர்களில் அளந்தார்கள். குவித்து அளந்த உழக்கில் தலைதட்டிய உழக்கைவிட ஒரு கைப்பிடி கூடுதலாகவே இருக்கும். அரிசிப் படிக்கும் எண்ணெய்ப் படிக்கும் இணையத்தில் வேறு வேறு எண்கள் திரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

உப்புக்கு என் வீட்டுப் பழக்கம் தலைதட்டுவது. ஆனால் உங்கள் அம்மாவின் பழக்கத்தை நான் சொல்ல முடியாது. அவர் அளப்பதைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களைக் கேளுங்கள். நினைவில் இல்லை என்றாலும் அந்த ஏனத்தைக் கையில் கொடுத்து ‘எப்படி அளப்பார்’ என்று கேட்டுப் பாருங்கள், கை காட்டிவிடும்.

நீலவானம்:

ஐயா, ‘உரி’ திருத்தத்துக்கு நன்றி. அட்டவணையில் இருந்ததை அப்படியே எழுதிவிட்டேன். அந்த 672ஐ நம்பியிருந்தாலும் அம்மாவுக்கு எண்ணெய் குறைந்திருக்கும் போலிருக்கிறதே. ஊருக்குப் போகும்போது என் பாட்டி வீட்டு ஆழாக்கையும் அளந்து பார்க்கப்போகிறேன்.

பனங்கூடல்:

அக்கா, அளந்ததும் இங்கே எழுதுங்கள். நானும் ஊரிலிருந்து ஒரு சுண்டு வரவழைக்க முயல்கிறேன்.

காவேரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறன்று திருவாரூர் போய்த் திரும்பினேன். உழக்கின் விளிம்பில் ஒரு சிறிய நசுங்கல் இருக்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது கிணற்றடியில் போட்டு நசுக்கியது அது என்று அண்ணன் சொன்னார்.

மூன்று முறை அளந்தேன். 396, 398, 401. நடுவில் இருக்கும் 398ஐ எடுத்துக்கொண்டேன். ஆக எங்கள் வீட்டு ஆழாக்கு 199, உரி 796 மில்லி. ஐயா 400 என்று வைத்துச் சொன்ன கணக்குக்கு இரண்டு மில்லிதான் வித்தியாசம்.

உப்பு விஷயத்தில் அண்ணனிடம் எதுவும் விளக்காமல் உழக்கையும் கல்லுப்பு டப்பாவையும் கொடுத்து, ‘அம்மா எப்படி முகப்பாள்?’ என்று கேட்டேன். நிறைய முகந்து, இடது உள்ளங்கையை விளிம்பில் வைத்து ஒரே இழுப்பில் வழித்துவிட்டார். தலைதட்டித்தான்.

பன்னிரண்டு மாங்காயையும் எடை போட்டேன். 2 கிலோ 650 கிராம் இருந்தது. அடுத்த முறை மாங்காய் சிறிதாக இருந்தால் எண்ணிக்கையை விட்டுவிட்டு இந்த எடையை வைத்துக்கொள்வேன். செக்கில் ஒரு கிலோ நல்லெண்ணெய் வாங்கினேன். 796 மில்லிக்கு 732 கிராம் என்று கணக்குப் போட்டுத் தராசில் நிறுத்தேன். பிறகு அதை உழக்கிலும் ஊற்றிப் பார்த்தேன். இரண்டு உழக்கு, விளிம்போடு நின்றது. சொன்னபடி ஒவ்வொரு முறையும் கவிழ்த்து வடியவிட்டேன்.

மகளிடமும் பேசினேன். அவளுடைய மேசைக்கரண்டியில் 20 என்று பொறித்திருக்கிறதாம். அவள் எழுதிய குறிப்புக்குப் பக்கத்தில் ‘40 மில்லி’ என்றும், அத்தையின் பைண்ட் பக்கத்தில் ‘284’ என்றும் பென்சிலால் எழுதிவிட்டேன். அம்மாவின் எழுத்துக்குப் பக்கத்தில் மட்டும் எழுத மனம் வரவில்லை. அட்டையின் உட்புறத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: ‘நம் வீட்டு உழக்கு 398, தலைதட்டி.’

இன்று எட்டாம் நாள். காலையில் ஜாடியைத் திறந்தேன். மாங்காய்க்கு மேலே எண்ணெய் ஒரு விரற்கடை நிற்கிறது.